எடுங்கப்பா

நீர்மாலை எடுத்தாயிற்று, கோடி போட்டாயிற்று, பாடையில் கிடத்தியும் ஆயிற்று. தூக்கத்தான் ஒருவனும் வரவில்லை. அப்பாவின் கழுத்தில் சரிந்த மாலையை நேராக்குவதுபோல் குனிந்து, அருள்பாண்டி பந்தலை ஓரக்கண்ணால் அளந்தான். வேப்பமரத்தடியில் பங்காளிகள் குசுகுசுத்தார்கள். அவன் பக்கம் பார்ப்பதும், அவன் பார்த்தால் தலையைக் குனிவதுமாக இருந்தார்கள்.

ஏதோ திட்டம் போடுகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டான். மாசித் திருவிழாவில் குலசாமிப் பெட்டியை யார் தூக்குவது என்று அப்பாவோடு மல்லுக்கு நின்றவர்கள்தானே! பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்ட வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? இவர்கள் பதம் பார்த்து இவனை வெட்டுகிறார்கள்.

எழுமலையில் அப்பாவை விருமாண்டி என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'எடுங்கப்பா' என்றால் தெரியும். எந்த இழவு வீட்டிலும் பெண்கள் பிணத்தைக் கட்டிக்கொண்டு விடாமல் அழும்போது, "நேரமாச்சு, எடுங்கப்பா" என்று குரல் கொடுப்பவர் அவர்தான். உடனே அத்தனை பேரும் அவர்மேல் பாய்வார்கள். சட்டையைப் பிடித்து உலுக்குவார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள். வீடு திரும்பும்போது பொத்தான் இருக்காது. அம்மா ஒச்சாயி கையில் கிடைத்த பொத்தானை வைத்துத் தைப்பாள். இன்று அவள் பிடிவாதமாக அவருக்குப் போட்டுவிட்ட கட்டம் போட்ட சட்டையிலும் ஒரு பொத்தான்போல் இன்னொன்று இல்லை. வேலைவெட்டி இல்லாத மனுசன் தேடிக்கொண்ட வேலை என்பது அருள்பாண்டியின் எண்ணம். மதுரையில் தன் செல்போன் கடைப் பக்கம் அவர் வந்தாலே அவனுக்குக் கூச்சம்.

வெயில் சாய்ந்தது. கொட்டுக்காரர்கள்கூட அலுத்துப்போய் டீ குடிக்க உட்கார்ந்துவிட்டார்கள். பொறுக்கமுடியாமல் வேப்பமரத்தடிக்குப் போனான்.

"என்னண்ணே, தூக்க மாட்டீகளா? பெட்டிச் சண்டைய இன்னைக்குத்தான் காட்டணுமா?"

பெரியப்பா மகன் நல்லகாமன் திகைத்துப்போனார்.

"அட கிறுக்கா! சித்தப்பாவத் தூக்க எனக்கென்னடா வலிக்குது? ஆரு வாயத் தொறந்து சொல்றதுன்னுதான் நிக்கிறோம். எங்காத்தா செத்தன்னைக்கு அவுகதான் சொன்னாக. செவுட்டுல ஒண்ணு விட்டேன். வாங்கிக்கிட்டு நின்னாக. அவுக மட்டும் சொல்லலைன்னா, மறுநாளும் ஆத்தாள மடியில வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருப்பேன்."

"அப்ப நீங்க சொல்லுங்கண்ணே."

"சித்தி மூஞ்சியப் பாரு. என்னால ஆகாதுடா தம்பி."

அருள்பாண்டி திரும்பினான். ஒச்சாயி அழவில்லை. புருசனின் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இந்த ஒரு சொல்லைச் சொல்ல இவ்வளவு நெஞ்சுரம் வேண்டுமென்று அவனுக்கு இதுவரை தெரியாது.

கிட்டே போய் நின்றான்.

"நேரமாச்சு," என்றான். "எடுங்கப்பா."

ஒச்சாயி எழுந்த வேகத்தில் பாடையே ஆடியது.

"அடப்பாவி! பெத்த அப்பன அனுப்ப ஒனக்கு இம்புட்டு அவசரமாடா?"

இரண்டு கையாலும் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். மண்ணை வாரி முகத்தில் எறிந்தாள். அவன் அவள் கையைப் பிடிக்கவில்லை, விலகவும் இல்லை. அவளுக்குப் பின்னால் பங்காளிகள் ஓடிவந்து தோள் கொடுத்தார்கள். கொட்டு முழங்கியது. பாடை பந்தலைத் தாண்டியது.

அவன் நெஞ்சிலிருந்து ஒரு பொத்தான் தெறித்து, மண்ணில் விழுந்து கிடந்தது.