முப்பத்தொரு கிலோ நோட்டு

உபதேசியார் ஜெயராஜ் இறந்த 1966 கார்த்திகையில், அவர் எழுதி வைத்துவிட்டுப் போன நாற்பது பக்க நோட்டு முப்பத்தொரு கிலோ எடை இருந்தது. கவரைப்பேட்டை ஸ்டேஷனின் பார்சல் தராசில் நிறுத்தே பார்த்தார்கள். அப்போஸ்தலர்களுக்கு அடுத்த தலைமுறை மூப்பர்கள் சபைகளுக்கு எழுதிய கடிதங்களை அவர் ஆறு வருடமாகத் தமிழில் பெயர்த்து எழுதிவந்தார். அவர்களில் ஒருவர், மிருகங்களுக்கு இரையாகப் போடச் சங்கிலி பூட்டி நடத்திச் செல்லப்பட்ட வழியில் எழுதியவர். அந்தச் சங்கிலியின் கனம்தான் நோட்டில் இறங்கிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். "இன்னாம்மா, உள்ள தண்டவாளத்த வச்சிக்கினு வந்துட்டியா?" என்றான் போர்ட்டர் பச்சையப்பன். உபதேசியாரின் மனைவி விக்டோரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டணத்து அச்சகத்தில் அதைச் சேர்த்துவிடு என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. அந்தக் கனத்தை வண்டியேற்றக் கூலிக்கு அவளிடம் வழியில்லாததால், இரண்டு பேர் பிடித்து நோட்டைத் திரும்ப அவள் வீட்டில் கொண்டுவந்து போட்டார்கள்.

அச்சுக்கூலிக்கென்று அவள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைப் பானையில் எடுத்து வைத்தாள். ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகவேண்டிய பிடி அரிசி அது. இதுவும் ஊழியம்தானே என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அடுத்த வருடம் மழை பொய்த்தது. பானை நிறைய நிறைய நோட்டும் கனத்தது. மாசியில் அதை வைத்திருந்த மேஜையின் கால் முறிந்தது.

பக்கத்துக் குடிசையில் சின்னப்பொண்ணு இருந்தாள். பழவேற்காட்டு ஏரியில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்து கருவாடு விற்றவள். ஒரு வெள்ளிக்கிழமை அவள் நெருப்புக் கேட்டு வராததால் விக்டோரியா எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி, அடுப்பு பத்த வைக்கல?"

"பத்த வச்சி இன்னாத்த வேக வைக்கிறது, கல்லையா? மூணு நாளாச்சிக்கா."

உபவாச நாளில் மிச்சமாகும் சாப்பாடு விதவைக்கு உரியது என்று அந்தக் கடிதங்களுக்கு நடுவே ஓர் இடம் உண்டு. கணவர் கையெழுத்தில் அதை நூறு தடவை படித்தவள் விக்டோரியா. விதவை என்றதும் தன்னைத்தான் நினைத்திருந்தாள். அரிசியைப் பானையோடு தூக்கிக் கொடுத்தாள். மறுநாள் நோட்டு பதினெட்டு கிலோ இருந்தது.

அதன்பின் அவள் எடுத்து வைத்த ஒவ்வொரு பிடியும் அடுப்பெரியாத வீடுகளுக்கே போயிற்று. 1974-ல் நோட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினாள். அச்சகத்தை மூடி இரண்டு வருடமாகியிருந்தது. பூட்டைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு மாலை வண்டியில் திரும்பினாள். கணவருக்குக் கொடுத்த வாக்கு அப்படியே நின்றுபோனது.

அன்றிலிருந்து நோட்டு வாரம் ஒரு வீடாகப் போய்வருகிறது. வெள்ளிக்கிழமைகளில் வாசிக்கிறார்கள். கையில் எடுக்கும்போது நோட்டு கனமாக இருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அதைக் கீழே வைத்துவிட்டு, தெருவில் எந்தக் கூரையில் புகை எழவில்லை என்று பார்க்கப் போகிறார்கள்.