வாய்ப்பாட்டு வரி

இன்பமணியின் குரலுக்கு எங்கள் ஊர் யூனியன் ஆபீஸ் வைத்த விலை வருஷத்துக்கு இரண்டரை ரூபாய். பேரத்துக்கு இடமில்லை என்று பில் கலெக்டர் பிச்சைக்கண்ணு சொன்னான். பேரத்துக்கு இடமில்லாத விலை ஒன்று உலகத்தில் உண்டு என்று என் தகப்பனார் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் ஜவுளிக்கடைக்காரன் மகன். கெஜக்கோலின் எந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தால் கெஜத்துக்கு எவ்வளவு மிச்சம் என்பதைப் பல் முளைக்கும் முன்பே பார்த்து வளர்ந்தவன்.

இன்பமணி அருமைநாயகத்தின் ஒரே மகள். அருமைநாயகம் என் கடைக்கு அடுத்த கருப்பட்டி மண்டிக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், எடையில் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அப்படிப்பட்டவர் எப்படிக் கடை நடத்துகிறார் என்பது பஜாருக்கே புரியாத விஷயம். 1911-இல் அவர் தூத்துக்குடியில் சிலுவை என்பவரிடம் ஒரு பாட்டுப்பெட்டி வாங்கினார். சிலுவை கொழும்பிலிருந்து தோணியில் சாமான் கொண்டுவந்து விற்பவர். கூடப் போனவன் நான். எழுபது ரூபாய் என்றதை நாற்பத்தெட்டுக்கு இறக்கினேன். பாடுவது மட்டுமல்ல, நாம் பேசுவதை வாங்கி வைத்துக்கொள்ளவும் அந்தப் பெட்டிக்குத் தெரியும். குழலுக்குள் பேசினால் உள்ளே சுற்றும் மெழுகு உருளையில் குரல் கீறிப் பதியும். “ரொம்ப வைக்காதீங்க, மெழுகு தேஞ்சு போவும்” என்று சிலுவை சொன்னார். உபரி உருளை இரண்டைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அதைத்தானே சொல்லியிருப்பேன்.

குழலின் முன்னால் இன்பமணியை நிறுத்தி ஏதாவது சொல்லச் சொன்னார்கள். ஏழு வயது. வெட்கம். அன்று மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த எட்டாம் வாய்ப்பாட்டை இழுத்து இழுத்துச் சொன்னாள். ஏழெட்டில் முட்டிக்கொண்டு நின்றாள், பின்னால் போய் மறுபடி ஓடி வந்து தாண்டினாள். பதினாறெட்டு வரை சொல்லி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, “யப்பா, சரியா சொன்னேனா?” என்று கேட்டாள். தகப்பன் பதில் சொல்லும் முன் உருளையில் இடம் தீர்ந்துவிட்டது. அது ஆடி மாசம். ஐப்பசியில் காலரா வந்தது.

படம் எதுவும் பிடித்து வைக்கவில்லை. இருந்தது அந்த உருளைதான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் தாய் கெசியா அதை ஒரே ஒரு தடவை வைப்பாள். அந்தக் கேள்வி வந்ததும், “சரியாச் சொன்ன பிள்ள” என்று குழலைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள். வாரத்துக்கு ஒன்று. அந்த விஷயத்தில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

மறு வருஷம் யூனியன் புது வரி போட்டது. சைக்கிளுக்கு ஒன்றரை ரூபாய், ஆர்மோனியத்துக்கு இரண்டு, பாட்டு இசைக்கும் பெட்டிக்கு இரண்டரை. ரோட்டில் கிடந்த பள்ளத்துக்கு மட்டும் வரியில்லை. பஜார் கொதித்தது. சைக்கிள் வைத்திருந்த அம்மையப்பன் என் கடை வாசலில் நின்று கத்தினான்: “சக்கரத்துக்கு வரி, சத்தத்துக்கு வரி! நாளைக்குக் கொட்டாவி விட்டா வாய்க்குள்ள கையை விட்டுச் சீட்டு கேப்பான் வே!”

பிச்சைக்கண்ணு நோட்டுப் புத்தகத்தோடு மண்டிக்கு வந்தபோது நானும் இருந்தேன்.

“பெட்டிக்குள்ள என்னவே இருக்கு?”

“வாய்ப்பாடு” என்றார் அருமைநாயகம்.

பிச்சைக்கண்ணு எழுதினான். எழுதியதை எட்டிப் பார்த்தேன். ‘வாய்ப்பாட்டு.’

“ஏலே, ஒரு ‘ட்’ கூடப் போட்டுட்டியே. அது கணக்கு லே, பாட்டு இல்ல.”

“வாய்ப்பாட்டுக்கு, வாய்ப்பாட்டைன்னுதான அண்ணாச்சி எல்லாரும் சொல்லுதோம்? அங்கன மட்டும் ‘ட்’ வரலாமோ? பெட்டி பேரே பாட்டுப்பெட்டி. சர்க்கார் புஸ்தகத்துல சுரண்டக் கூடாது. ரெண்டரை ரூவா எடுங்க. சங்கடம்னா கட்டிட்டு மனுப் போடுங்க.”

அருமைநாயகம் மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுத்தார். அவன் போனதும், “இருக்கட்டும் அண்ணாச்சி, பிள்ள பேர்ல குடுத்ததா நெனச்சுக்கிடுதேன்” என்றார்.

அங்கே நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பஜாரில் வளர்ந்தவனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. “ரெண்டரை ரூவாய்க்காகச் சொல்லல வே” என்றேன். “இத விட்டா என் கெஜக்கோலுக்கும் வரி போடுவான். ஊருலயே பாட்டு இல்லாத பெட்டி ஒம்ம பெட்டி ஒண்ணுதான். இதுல ஒரு ஓட்டை போட்டா அது வழியா எல்லாரும் வெளிய வந்துரலாம்.” மூன்று நாள் பேசினேன். நான் மூன்று நாள் பேசி விற்காத சரக்கு கிடையாது. நாலாம் நாள் அவர் மனுவில் கையெழுத்துப் போட்டார்.

விசாரணை ஒரு புதன்கிழமை காலை நடந்தது. பெட்டியைப் பழம்புடவை சுற்றி வில்வண்டியில் கொண்டு போனோம். சேர்மனும் நாலு மெம்பர்களும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பாதி பஜார் நின்றது. அருமைநாயகம் சாவி கொடுத்து ஊசியை வைத்தார். ‘ஓரெட்டு எட்டு’ என்று பிள்ளை ஆரம்பித்தாள். வெளியே அம்மையப்பன் கூட வாயை மூடிக்கொண்டான்.

முடிந்ததும் ஒரு மெம்பர், “ராகமால்ல இழுக்கா” என்றார்.

“எட்டாம் வாய்ப்பாட்ட ராகமில்லாம நீங்க சொல்லுங்க, பாப்போம்” என்றேன். அவர் சொல்லிப் பார்த்தார். மூவெட்டுக்குள் ராகம் ஏறிவிட்டது. கூட்டம் சிரித்தது. வியாபாரத்தில் எதிராளி சிரித்துவிட்டால் பாதி படிந்த மாதிரி. மீதிப் பாதியையும் அள்ளிவிட நினைத்தேன். “கடைசிய மட்டும் கேளுங்க எசமான். எந்தப் பாட்டுக்காரியாவது பாடி முடிச்சிட்டு, யப்பா சரியான்னு கேப்பாளா?”

சேர்மனுக்கு அந்த நியாயம் பிடித்துப்போயிற்று. “கடைசிய வைங்க” என்றார். அருமைநாயகம் ஊசியை உருளையின் கடைசியில் வைத்தார். ஒரு மெம்பருக்கு அது ‘யப்பா’ என்று கேட்டது, இன்னொருவருக்கு ‘அப்பனே’ என்று கேட்டது. அப்பனே என்றால் தேவாரமாக இருக்கலாம். மறுபடி வைத்தார்கள். காது மந்தமான மெம்பர் எழுந்து வந்து குழலுக்குள் தலையை விட்டுக் கேட்டார். மறுபடி. சேர்மன் குறிப்பு எழுதிக்கொள்ள மறுபடி. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், எண்ணாமலிருக்க எனக்குத் தெரியாது. ஒன்பதாம் தடவை அருமைநாயகம் பாதி எழுந்து, “போதும் ஐயா, நான் வரியே கட்டிருதேன்” என்று மெல்ல ஆரம்பித்தார். படிகிற நேரத்தில் எழுந்தால் பேரம் கெட்டுவிடும். அவர் தொடையை அழுத்தி உட்கார வைத்தேன். “பைய, வே. முடிஞ்சிட்டு.”

பதினாலு தடவை. மேஜை மேல் மூக்குப்பொடி நிறத்தில் கொஞ்சம் மெழுகுத் தூள் விழுந்திருந்தது. பிச்சைக்கண்ணு நோட்டுப் புத்தகத்தை அங்கே வைப்பதற்காகக் குனிந்து ‘பூ’ என்று ஊதினான். பிறகு சிவப்பு மையால் அந்த ‘ட்’டை அடித்துவிட்டான்.

ஜெயித்தோம். பஜாரில் என்னைத் தூக்காத குறை. அந்த வாரத்திலேயே ஊரிலுள்ள ஒவ்வொரு பெட்டிக்காரனும் ஆபீசுக்குப் போய்த் தன் பெட்டியிலும் வாய்ப்பாடுதான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தான்.

பணம் திரும்பி வந்ததும், மனுச் செலவு போக மிச்சத்தை எடுத்துக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமையே மதியம் போனேன். அவர்கள் கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். கெசியா பைபிளை வைத்துவிட்டுப் பெட்டிக்குச் சாவி கொடுத்தாள். விசாரணையில் என்ன நடந்தது என்று அருமைநாயகம் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அவர் என்னையும் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார்.

ஓரெட்டு வந்தது. ஏழெட்டில் பிள்ளை முட்டினாள், தாண்டினாள். பதினாறெட்டு நூற்றிருபத்தெட்டு வரை நன்றாகவே வந்தது. அதற்குப் பிறகு அரிசியில் உமி புடைக்கிற மாதிரி ஒரு சத்தம்.

கெசியா காத்திருந்தாள். உதடு பிரிந்திருந்தது. உருளை சுற்றி ஓய்ந்து நின்றது. அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு ஊசியைத் தூக்கி வைத்து மூடியைச் சாத்தினாள்.

என்ன செய்வதென்று தெரியாமல் ஒன்பது நிக்கல் ஓரணாக் காசுகளை மூடி மேல் வைத்தேன்.

“இது என்னது அண்ணாச்சி?”

“மிச்சம், தாயி.”

“எதுல மிச்சம்?”

அவள் காசுகளை ஒவ்வொன்றாக எடுத்து என் உள்ளங்கையில் திருப்பி வைத்தாள். எட்டு வைத்து நிறுத்தி, ஒன்பதாவதையும் வைத்தாள். “சாப்பிட்டுட்டுப் போங்க” என்றாள். நான் கடைக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை என்று பாராமல், பேரேட்டை எடுத்து எழுதினேன்.

அருமைநாயகம் மனு வகை.
வரவு: யூனியன் ஆபீஸ் திருப்பியது, ரூ. 2-8-0.
செலவு: முத்திரை 0-8-0. எழுத்துக்கூலி 0-6-0. வண்டி வாடகை 0-15-0. மெம்பர்களுக்கு வெற்றிலை பாக்கு 0-2-0. ஆகச் செலவு ரூ. 1-15-0.
மிச்சம் 0-9-0. கொடுபடவில்லை.