கலிபா அக்காவின் சேதி

காலைச் செய்தி வாசிக்க உட்காரும் நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். சாய்ராவுக்குப் பெண் குழந்தை, இருவரும் சுகம் என்றாள். நான் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தேன். மூன்று பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்தவள் சாய்ரா. அவள் புருஷன் கெஞ்செபெக் மலைப்பக்கம் குளிர்காலப் பட்டியில் ஆடுகளோடு மாட்டிக்கொண்டிருந்தார். அங்கே செல்போன் எடுக்காது. எங்கள் பள்ளத்தாக்கு வானொலி மட்டும் எடுக்கும்.

மைக்கைத் திறக்கக் கை நீட்டினேன். அதற்குள் மறுபடி போன். சாய்ராவின் பக்கத்து வீட்டுக் கலிபா அக்கா.

"அடியே பெகாயிம், நர்ஸ் எங்கிட்டயும் சொல்லிட்டா. நான் குதிரையில கெளம்பிட்டேன். ரேடியோவுல உளறி என் சூயுன்சுவக் கெடுத்தேன்னு வையி, உன் ஸ்டேஷன் வாசல்லயே வந்து மானத்த வாங்குவேன்."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். நல்ல சேதி கொண்டுபோகிறவர் முதலில் "சூயுன்சு" என்று கை நீட்டுவார். கேட்பவர் பரிசைக் கொடுத்த பிறகுதான் சேதி வெளியே வரும். ஒருவர் கிளம்பிவிட்ட சேதியை நடுவில் போட்டு உடைப்பது எங்கள் ஊரில் திருட்டுக்குச் சமம்.

நிலையப் பொறுப்பாளர் ஈசாக் எரிந்து விழுந்தார். அங்கே ஒரு மனுஷன் பயத்தில் செத்துக்கொண்டிருக்கிறான், உனக்குச் சம்பிரதாயம் கேட்கிறதா என்றார். அவர் சொன்னது நியாயம் என்பதால்தான் எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் வந்தது. மதியச் செய்தி வரை பொறுங்கள், அதற்குள் அக்கா போய்ச் சேராவிட்டால் நானே சொல்லிவிடுகிறேன் என்று கெஞ்சி ஒத்துக்கொள்ள வைத்தேன். பிறகு கணவாய் மூடியதையும், காணாமல்போன சிவப்புக் காளையையும், ஆட்டுத் தடுப்பூசியையும் வாசித்தேன். உள்ளே வைத்திருந்த சேதியால் தலையே வெடித்துவிடும் போலிருந்தது.

மதியம் நெருங்கும்போது, பட்டிக்கு எதிர்மேட்டில் ஆடு மேய்க்கும் ரிஸ்கெல்தி கூப்பிட்டான்; அந்தப் பக்கம் அந்த மேட்டில் மட்டும்தான் செல்போன் எடுக்கும். உறைந்த ஓடையில் கலிபா அக்காவின் குதிரை வழுக்கி விழுந்து நொண்டுகிறதாம். பனி தொடைவரை இருப்பதால் நடந்தும் போக முடியாது; குதிரையின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டு நிற்கிறாளாம். நான் உடனே மைக்கைத் திறந்தேன். ஓடைத் திருப்பத்தில் குதிரை நொண்டி ஒருவர் தவிக்கிறார், பக்கத்தில் இருப்பவர்கள் உதவிக்குப் போகவும் என்றேன். பேர் சொல்லவில்லை.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அங்கே பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு வீடு, கெஞ்செபெக்கின் பட்டி வீடு.

"அக்கா, கெஞ்செபெக் அண்ணன் வெளிய வந்துட்டாரு," என்றான் இன்னும் போனை வைக்காத ரிஸ்கெல்தி. "சேணம் கையில இருக்கு. ஆனா வாசல்லயே நின்னு வீட்டுக்குள்ள திரும்பித் திரும்பிப் பாக்குறாரு."

வீட்டுக்குள் ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும். மதியச் செய்திக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். சாய்ரா ஆஸ்பத்திரிக்குப் போன நாலு நாளாக அதில் காதை ஒட்டவைத்துக் கிடந்த மனுஷன் அதை விட்டுவிட்டு யாரோ ஒருவருக்காகப் போக வேண்டும். ஈசாக் என்னைப் பார்த்தார்.

"போறாரு அக்கா. இன்னொரு குதிரையையும் கூட இழுத்துட்டுப் போறாரு."

மதியச் செய்திக்கு மணியடித்தது. ஈசாக் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு என் பக்கம் வந்து போனில் காதை வைத்தார்.

"கிட்டப் போயிட்டாரு. கலிபா அக்கா சூயுன்சுன்னு கைய நீட்டுது. அவரு ஒண்ணுமே கேக்கல, கூட்டிட்டு வந்த குதிரையோட கடிவாளத்த அப்படியே அது கையில குடுத்துட்டாரு." பிறகு, "கலிபா அக்கா என்னமோ சொல்லுது. அவரு பனியிலயே உக்காந்துட்டாரு அக்கா. தொப்பியால மூஞ்சிய மூடிக்கிட்டாரு," என்றான்.

பாட்டைப் பாதியில் நிறுத்தினேன். சாய்ராவுக்கும் கெஞ்செபெக்குக்கும் மகள் பிறந்திருக்கிறாள் என்று பள்ளத்தாக்குக்கே கேட்கும்படி சொன்னேன். குரல் உடைந்தது, நான் கவலைப்படவில்லை. மலையடியில் அந்த ஒரு வீட்டில் மட்டும் அதைக் கேட்க ஆளில்லை.