சொர்ணம்மாள் சாகாத பதிப்பு

1

இந்தக் கதை எனக்கு இலவசமாகக் கிடைத்தது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. 2018-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனில் இடமில்லாமல் போனதால், வாசிக்காமலே சேர்த்து வைத்திருந்த மின்னூல்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேன். ஷைஜா என்பவர் எழுதிய 'சிரட்டைப் பால்' என்ற நாவல் இரண்டு முறை இருந்தது. எதை அழிப்பது என்று இரண்டின் கடைசிப் பக்கத்தையும் திறந்தேன். ஒன்றில் நாயகி சொர்ணம்மாள் பேச்சிப்பாறை அணையில் விழுந்து செத்துப்போகிறாள். மற்றதில் பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறாள். இரண்டுக்கும் கீழே ஒரே தொலைபேசி எண். அழைத்தேன்.

அந்த எண்ணுக்குரிய பெண்ணின் கதைதான் இனி வருவது. அவள் பக்கத்தில் நின்றே சொல்லப் பார்க்கிறேன். நான் மூக்கை நுழைக்கும் இடங்களை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன். பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

2

முதல் தொடக்கம்: மார்த்தாண்டம் சந்தையின் இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் கனவு கண்டுகொண்டிருந்—

(வேண்டாம். ஷைஜா கனவு காண்கிற ஆள் இல்லை. ஒன்றை நினைத்தால் செய்து முடிக்கிற ஆள்.)

இரண்டாம் தொடக்கம்: மார்த்தாண்டம் சந்தைக்குப் பின்னாலிருக்கும் சந்தில் ஷைஜா டி.டி.பி. சென்டர் வைத்திருந்தாள். கல்யாணப் பத்திரிகை, சபை ஆண்டு மலர், பி.எட். மாணவிகளின் ப்ராஜெக்ட், கலெக்டருக்கு மனு என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் அடித்துக் கொடுப்பாள். மனு அடிக்க வருகிறவர்கள் மனுவை மட்டும் சொல்வதில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஆரம்பித்து முழுக்கதையும் சொல்வார்கள். அதில் பத்து வரியை எடுத்து அவள் மனுவாக்குவாள். மிச்சம் அவளிடமே தங்கிவிடும்.

அந்த மிச்சத்திலிருந்து வந்ததுதான் 'சிரட்டைப் பால்'. சொர்ணம்மாளின் புருஷன் வளைகுடாவுக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் அமைத்துக்கொள்கிறான். அவன் விட்டுப்போன சைக்கிளை ஓட்டப் பழகி, அவன் விட்டுப்போன கத்தியோடு அவள் ரப்பர் வெட்டப் போகிறாள்: மரப்பட்டையைக் கீறி, சிரட்டையில் வடிகிற பாலை எடுக்கிற வேலை. ஊர் பேசுகிறது. ஒரு நாள் தாங்க முடியாமல் அணைக்குப் போகிறாள். அவ்வளவுதான் நாவல்.

பதிப்பகங்கள் பதில் போடவில்லை. 2012-இல் ஷைஜா தானே பக்கம் அமைத்து முந்நூறு பிரதி அச்சடித்தாள். நாற்பது பிரதி சொந்தக்காரர்களுக்குப் போனது. மீதி கட்டுப் பிரிக்காமல் சென்டரிலேயே இருந்தது. அதன் மேல்தான் பிரிண்டரை வைத்திருந்தாள்.

3

அவள் கணவன் ஷிபுவுக்கு அடுத்த கடை. மொபைல் ரீசார்ஜ், சிம் கார்டு, போன் ரிப்பேர். 2016-இல் நெட் இலவசமாகக் கொட்டத் தொடங்கியபோது அவன்தான் சொன்னான்.

"புக்கச் சும்மா குடு ஏட்டி. நாங்க சிம்மு குடுக்கல்லியா? ரோட்டோரம் குடைய நாட்டி, வாரவன் போறவன் கையில எல்லாம் சும்மாதான் குடுத்தோம். கையில போன பொறவு ஆளு நம்ம ஆளு."

"சிம்மும் நாவலும் ஒண்ணா?"

"ரெண்டும் அவனுக்க போனுலதான கெடக்கும்?"

ஷைஜா சிரித்துவிட்டு, அன்றைக்கே தேட ஆரம்பித்தாள். தானே எழுதித் தானே பதிப்பிக்கிறவர்களுக்காக எழுதப்பட்ட கட்டுரைகள் எல்லாம் ஒரே வழியைச் சொன்னன: முதல் புத்தகத்தை இலவசமாகக் கொடு, அதன் கடைசிப் பக்கத்தில் இரண்டாவது புத்தகத்துக்கு வழி வை. இரண்டாவது நாவல் அவளிடம் எழுதி முடித்துத் தயாராக இருந்தது.

வேலையில் இறங்கினாள். நாவல் பழைய எழுத்துருவில் இருந்தது. யூனிகோடுக்கு மாற்றினால் கொம்பெல்லாம் இடம் மாறி விழுந்தது. தினமும் வாடிக்கையாளர்கள் வருவதற்கு முன்னால் ஆறு பக்கம் என்று கணக்கு வைத்துத் திருத்தினாள். பிறகு இணையத்தில் ஏற்றினாள். குவைத் நர்சுகளின் வாட்ஸ்அப் குழு, பழைய மாணவிகள் குழு, சபைக் குழு, எதையும் விடவில்லை. எழுதிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டாள். முதல் வாரம் அறுபது பேர் இறக்கினார்கள். ஐந்தாவது மாதம் ஒன்பதாயிரம்.*

* பத்து வருடமாக எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு மொத்தமாகவே அவ்வளவு வாசகர்கள் இருப்பார்களா என்று தெரியவில்லை. இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் பொறாமை வந்தது. கதைக்கு வெளியே இருக்கட்டும் என்று கீழே போட்டிருக்கிறேன்.

இரண்டாவது நாவல் ஈஸ்டருக்கு வரும் என்று அறிவித்தாள்.

4

2017 பிப்ரவரி. ரப்பர் இலை உதிர்கிற காலம், வெட்டு கிடையாது. முற்பகலில் ஒரு பெண் சென்டருக்கு வந்தாள். ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம்.

(முதல் வரைவில் இவளை நான் கத்த வைத்திருந்தேன். சந்தே கூடி வேடிக்கை பார்க்கிற மாதிரி. ஷைஜா அதை வாசித்துவிட்டு, "அவிய கத்தவே இல்ல. கத்தியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்" என்றாள். எனவே அந்தப் பத்தி முழுக்கப் போய்விட்டது.)

"என்ன அடிக்கணும் அக்கா?" என்றாள் ஷைஜா.

"அடிக்க ஒண்ணும் இல்ல மக்கா. அழிக்கணும்."

வந்தவள் ஒரு போனை மேஜையில் வைத்தாள். திரையில் 'சிரட்டைப் பால்'. ஷைஜா நிமிர்ந்து பார்த்தபோதுதான் முகம் தெரிந்தது. குலசேகரம் பூங்கனி. 2004-இல், காணாமல்போன புருஷனைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி இதே சென்டரில் மனு அடித்தவள்.

"இது எனக்க மவ ஷெர்லிக்க போனு. இதுல உள்ள சைக்கிளு எனக்கது. கத்தி எனக்க மாப்பிளை விட்டுட்டுப் போனது. எல்லாம் செரிதான். ஆனா நான் சாவல்லியே?"

"பேரு வேறல்லா அக்கா..."

"கொலசேகரத்துல சைக்கிள்ல வெட்டுக்குப் போன பொம்பளை எத்தன பேரு உண்டு?"

ஷைஜா ஒரு ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினாள்.

ஷெர்லிக்கு ஒரு சம்பந்தம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா குவைத்தில் நர்ஸ். குழுவில் வந்த இலவச நாவலை வாசித்துவிட்டு ஷெர்லியைக் கூப்பிட்டு, "இது ஒனக்க அம்மைக்க கதையா? அணையில சாடப் போனாவளாமே?" என்று கேட்டிருக்கிறாள்.

"நான் அணைக்குப் போன காரியம் எனக்க மவளுக்குத் தெரியாது. அன்னைக்கு அவளுக்கு ஒம்பது வயசு. ஒங்கிட்ட மட்டும்தான் சொன்னேன். அதும் மனு அடிக்கதுக்குச் சொன்னேன். இப்பம் எனக்க மவ போனுல நான் செத்துக் கெடக்கேன்."

"இன்னைக்கே எடுத்துருகேன் அக்கா. எல்லா எடத்துல இருந்தும் எடுத்துருகேன்."

"எடுத்தா, இதுல கெடக்கது போவுமா?"

"...போவாது."

"அந்தக் குவைத்துக்காரிக்க போனுல கெடக்கது?"

"போவாது அக்கா."

"அப்பம் எடுத்து என்னத்துக்கு?" பூங்கனி தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். "செத்தவள எப்பிடிக் குடுத்தியோ, சாவாதவளையும் அப்பிடியே குடு."

5

ஷிபுவுக்கு அதில் சம்மதமில்லை. "ஈஸ்டருக்கு ரெண்டு மாசம்கூட இல்ல. இப்பம் போயி முடிவ மாத்துனா வாசிச்சவன் என்ன நெனைப்பான்? பேரத்தான் மாத்திட்டியே, பேசாம இரி."

கட்டுரைகளும் அதைத்தான் சொல்லியிருக்கும். வாசகர்கள் சேர்ந்து, பேர் பரவி, அடுத்த புத்தகம் வாசலுக்கு வந்து நிற்கும் நேரத்தில் முதல் புத்தகத்தில் கை வைக்கக் கூடாது.

ஷைஜா அவனிடம் ஒன்றுதான் சொன்னாள். "அவிய அணைக்குப் போனேன்னு சொன்னப்போ நான் கேட்டுக்கிட்டு இருந்தேன். ஏன் திரும்பி வந்தியன்னு கேக்கவே இல்ல. மனுவுக்கு அது வேண்டாம். நாவலுக்கும் வேண்டாம்னு நெனச்சிட்டேன்."

மறுநாள் இரண்டாவது நாவலைத் தள்ளிவைத்ததாக அறிவித்தாள். பூங்கனியைக் கூப்பிட்டாள். இந்த முறை கேட்டாள்.

6

பூங்கனி சொன்னது இது.

அணைக்குப் போனது பகலில். கரையோரம் உட்கார்ந்திருந்தாள். கேரளாவிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த ஒரு குடும்பம் பக்கத்தில் வந்தது. ஏழெட்டுப் பேர். அந்த வீட்டுக்காரி ஒரு கேமராவை அவள் கையில் கொடுத்து, "ஒரு போட்டோ எடுக்குமோ சேச்சி?" என்றாள். பூங்கனி அதுவரை கேமராவைத் தொட்டதில்லை. எடுத்தாள். எல்லாரும் சேர்ந்து நிற்கவில்லை என்று மறுபடி எடுக்கச் சொன்னார்கள். மறுபடி எடுத்தாள். அதற்குள் ஒரு பிள்ளை ஓடிவிட்டது. பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மூன்றாவது எடுத்து முடித்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு பொதி சோறு மிஞ்சியிருக்கிறது என்று கொடுத்தார்கள். அவளுக்குப் பசித்தது. சாப்பிட்டாள். குலசேகரம் பஸ் வந்தது. ஷெர்லி பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் ஆகிறதே என்று ஏறிவிட்டாள்.

"அவ்வளவுதானா அக்கா?"

"அவ்வளவுதான். ஒனக்குக் கொறவா இருக்கா?"

(எனக்கும் குறைவாகத்தான் இருந்தது. நானாக இருந்தால் ஒரு அசரீரியோ மழையோ வைத்திருப்பேன். சாவைத் திருப்பி அனுப்ப மிஞ்சிய சோறு போதுமா? இந்தக் கேள்வியோடு நான்கு நாள் இருந்தேன். போதும் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. போதவில்லை என்று சொல்லவும்.)

ஷைஜா அவள் முன்னாலேயே அடித்தாள். 'வானில் மேகங்கள் மெல்ல விலகின' என்று தொடங்கினாள்.

"மேகம் எங்கேருந்து வந்து? நல்ல வெயிலு."

அந்த வரி போனது.

'தன்னுள் ஏதோ ஒன்று விழித்துக்கொண்டதை அவள் உணர்—'

"அதெல்லாம் ஒண்ணும் முழிக்கல்ல. வயறு பசிச்சு. அத எழுது."

அதையே எழுதினாள். கடைசி அத்தியாயம் இரண்டே பக்கத்தில் முடிந்தது. பூங்கனி வாசித்துக் காட்டச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள். சைக்கிளும் கத்தியும் அப்படியே இருக்கட்டும் என்று அவளே சொன்னாள்.

7

புதிய பதிப்பின் முதல் பக்கத்தில் ஷைஜா இப்படிப் போட்டாள்: 'முந்தைய பதிப்பில் நான் தவறு செய்துவிட்டேன். சொர்ணம்மாள் சாகவில்லை. பழைய பிரதி வைத்திருப்பவர்கள் அதை அழித்துவிட்டு இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.'

பிறகு முதல் தடவை அனுப்பிய அத்தனை குழுவுக்கும் மறுபடி அனுப்பினாள். தனித்தனியாகப் பதில் போட்டிருந்தவர்களுக்குத் தனித்தனியாக அனுப்பினாள். பிரிண்டரை இறக்கிவைத்துவிட்டு, இருநூற்று அறுபது அச்சுப் பிரதிகளிலும் கடைசித் தாள்களைக் கிழித்துப் புதியதை ஒட்டினாள். ஷிபு முதல் இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் பசையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

முதல் முடிவுதான் நன்றாக இருந்தது என்று நிறையப் பேர் எழுதினார்கள். ஒருவர், 'இரண்டாவதில் இலக்கியம் இல்லை' என்றார். எல்லாருக்கும் ஒரே பதில்தான்: 'பழையதைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.' பாதிப் பேர் அழித்திருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். புதியதை விடாமல் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அடுத்த ஜனவரியில் புதிய பதிப்பு ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. இரண்டாவது நாவல் ஒரு வருடம் பிந்தி வந்து, கொஞ்சம்போல விற்றது.

குவைத்துக்கும் அவளே கூப்பிட்டாள். எல்லாம் கற்பனை என்று சொல்லிவிடலாம் என்றிருந்தாள். பொய் சொல்லாதே என்று பூங்கனி தடுத்துவிட்டாள். எனவே உள்ளதைச் சொன்னாள்: பூங்கனி அக்கா அணைக்குப் போனார்கள், திரும்பி வந்தார்கள், மகளைப் படிக்க வைத்தார்கள்.

(இங்கே வாசகர் ஒரு கல்யாணத்தை எதிர்பார்ப்பார். என்னிடம் ஒன்று தயாராக இருந்தது. குவைத்து அக்கா அழுகிறாள், மாப்பிள்ளை பைக்கில் குலசேகரத்துக்கு வருகிறான், பந்தியில் ஷைஜா பரிமாறு— நடக்காததை எழுதி ஒருத்தி பட்ட பாடு போதும்.)

சம்பந்தம் முறிந்தது. மாப்பிள்ளை வீட்டார் பிறகு கூப்பிடவே இல்லை. நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஷெர்லி புதிய பதிப்பை வாசித்துவிட்டு அம்மாவிடம் ஒன்று கேட்டாளாம். "அந்த போட்டோவுல எல்லாரும் இருக்காவ. நீ மட்டும் இல்லியே அம்மா?" அதற்குப் பிறகு இருவரும் அணைக்கு ஒரு தடவை போய்வந்தார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று ஷைஜா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

8

இதை எழுதி முடித்ததும் வெளியிடலாமா என்று ஷைஜாவிடம் கேட்டேன். "எங்கிட்டக் கேட்டு என்னத்துக்கு?" என்று பூங்கனியின் எண்ணைக் கொடுத்தாள்.

ஒரு முற்பகலில் கூப்பிட்டு, முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பூங்கனி பொறுமையாகக் கேட்டாள். இடையில் ஒரு தடவை சிரித்தாள், மேகம் வந்த இடத்தில்.

"பேர மாத்தணுமா அக்கா?"

"வேண்டாம். மாத்தி என்ன கண்டோம்?"

"சும்மாதான் குடுக்கப்போறேன். யார் வேணும்னாலும் வாசிப்பாங்க."

"வாசிக்கட்டு."

ஒன்று மட்டும் மீதியிருந்தது. என்னிடம் மூன்று கடைசிப் பத்திகள் இருந்தன. ஒன்றில் ஷெர்லிக்கு வேறு நல்ல இடம் அமைகிறது. ஒன்றில் பூங்கனி தன் கதையைத் தானே எழுத உட்காருகிறாள். இன்னொன்றை உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூன்றையும் அவளிடம் சொல்லி, எதை வைத்து முடிக்கட்டும் என்று கேட்டேன்.

"நான் இருக்கேன்லா? முடிவ இப்பமே கேட்டா எப்பிடி?" என்றாள். பிறகு, "பால் எடுக்க நேரமாச்சு மக்கா, வைக்கட்டா?" என்று போனை வைத்துவிட்டாள்.