பாதியில் நின்ற ஃபுஃபூ

மாம்போங் ஊர் வழக்கப்படி, கல்யாணத்துக்குப் பிறகும் அச்சியா தன் அம்மா வீட்டில்தான் இருந்தாள். கிழங்கும் வாழைக்காயும் இடித்து உருட்டிய ஃபுஃபூவையும் செம்பனைக் குழம்பையும் தலையில் சுமந்து, பொழுது சாயும்போது புருஷன் அம்போன்செம் வீட்டுக்கு வருவாள். இரவு தங்கிவிட்டு விடிந்ததும் போவாள். கல்யாணத்திலிருந்து அப்படித்தான். ஆனால் ஒரு வருஷமாக, அவர் சாப்பிட்டதும் "தூக்கம் வருது" என்று முதுகைக் காட்டிப் படுக்க, அவள் கிண்ணத்தோடு திரும்பிவிடுகிறாள்.

அவள் போனதும் தலையணையை முகர்ந்து பார்ப்பார். அவள் பூசும் ஷியா வெண்ணெயின் வாசம் எப்போதோ போய்விட்டது. ஆசை மனசில் அப்படியே இருந்தது. உடம்புதான் கேட்கவில்லை. பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி வைத்து ஆண்மைக்கென்று விற்கிற வேர்ச்சாராயத்தைத் தினமும் குடித்துப் பார்த்தார். தொப்பைதான் ஏறியது.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"ஐயா, ஈரல்ல கொழுப்பு சேர்ந்திருக்கு. ஆண் ஹார்மோனும் குறைவு," என்றாள் டாக்டரம்மா. "வயசு மட்டும் காரணமில்ல. ரெண்டும் ஒண்ணையொண்ணு கீழ இழுக்கும்."

"அதுக்குத்தாம்மா வேர்ச்சாராயம் குடிக்கறேன்."

"ஈரலுக்கு அது இன்னொரு அடி. நிறுத்துங்க. ஃபுஃபூவைப் பாதியாக்குங்க, நடங்க. எடை குறைஞ்சா ஹார்மோன் கொஞ்சம் ஏறலாம். உறுதியா சொல்ல முடியாது."

அன்று சாயங்காலம் பாதியிலேயே கை கழுவினார். கிண்ணத்தில் மிச்சம் வைத்த பாதி அவளிடம் என்ன சொல்லும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

அச்சியா கிண்ணத்தையே பார்த்தாள். "யாரவ?"

"எவ?"

"மீதி வயித்தை எந்த அடுப்புல நிரப்பிட்டு வந்தே? நீ முதுகைக் காட்டினப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"அடியே, இந்தத் தொப்பையைத் தூக்கிக்கிட்டு எவ பின்னாடி ஓடுவேன்?"

அவள் சிரிக்கவில்லை. "நாளையிலேருந்து அவளே கொண்டுவரட்டும்."

ஆமாம், ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லிவிட்டால் ஆம்பிளை மானமாவது மிஞ்சும் என்று ஒரு கணம் தோன்றியது. அவள் வாசல்வரை போய்விட்டாள்.

"அச்சியா, எவளும் இல்ல. என்னால முடியல." வலப்பக்க விலாவுக்குக் கீழே கை வைத்து, டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அட மடையா! இதைச் சொல்லாமலா ஒரு வருஷம் என்னை இருட்டுல திருப்பி அனுப்பினே? அப்ப என் உலக்கைதான் உன்னைக் கெடுத்துதா?"

"உலக்கைக்குப் பாதிதான் பங்கு. மீதி சாராயத்துக்கு."

அவள் கிண்ணத்தோடு இருட்டில் இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் இருட்டுகிறவரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் அவள் வந்தாள். தலையில் சின்னக் கிண்ணம். கையில் இரவு போர்த்தும் துணி.

"ஒண்ணும் நடக்கலேன்னாலும் பரவாயில்லய்யா," என்றாள் அச்சியா. "முதுகை மட்டும் காட்டாதே."