பன்னிரண்டாம் எண்ணில் குடியிருந்தவர்

வீட்டு ரவுட்டரில், போன்கள் போய்வரும் தளங்களின் பதிவை இயக்கிப் பழகலாம், ஆனால் சொந்தப் போனின் வரிகளை மட்டும்தான் பார்க்கவேண்டும் என்று வாத்தியார் முதல் வாரமே சொல்லியிருந்தார். மருமகள் எல்லோரையும்விட அழுத்தமாகத் தலையாட்டிவிட்டு வந்தாள்.

மருந்துக் கடையில் பில் போடும் வேலை சலித்துப்போய், நெட்வொர்க் வேலைக்கு மாறும் ஆசையில் மாலை வகுப்பில் சேர்ந்தவள் அவள். வீட்டிலிருந்த நான்கு போன்களுக்கும் ரவுட்டர் ஆளுக்கோர் எண் கொடுத்திருந்தது. பன்னிரண்டாம் எண் நாத்தனாருடையது என்று பார்த்து மனதில் வைத்துக்கொண்டாள். யார் எந்தத் தளத்தைத் தேடிப் போனாலும் அதன் பெயர் எண்ணோடு பதிவாகும். உள்ளே என்ன படித்தார்கள் என்பது தெரியாது. எந்தக் கதவைத் தட்டினார்கள் என்பது தெரியும்.

கண் சும்மா இருக்குமா? மின்சாரம் போய்வந்த மறுநாள் பதிவைத் திறந்தாள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் தளத்தின் கதவைப் பன்னிரண்டாம் எண் விடாமல் தட்டியிருந்தது.

அதோடு வாயை மூடியிருக்கலாம். காய் நறுக்கும்போது, "உங்க பொண்ணு வெளிநாடு கிளம்புற மாதிரி தெரியுது அத்தை" என்று மாமியாரிடம் போட்டுவைத்தாள். கணவர் இறந்ததிலிருந்து பிள்ளைகள் தெருமுனை தாண்டினாலே வாசலில் வந்து நிற்கும் மனுஷி அவர்.

நர்சிங் கல்லூரியிலிருந்து வந்த மகளைச் செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை.

"படிப்பு முடியறதுக்குள்ள றெக்கை முளைச்சிடுச்சா?"

"நான் எங்கம்மா போறேன்? எவ சொன்னா?"

"எவ சொன்னா உனக்கென்ன. போனைக் குடு."

"அண்ணா, நீயாச்சும் சொல்லேன்."

அண்ணன், அதாவது மருமகளின் கணவன், வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். போன் பீரோவுக்குள் போனது.

அடுத்த வகுப்பில் வாத்தியார் போகிறபோக்கில் சொன்னார்: "இந்த நம்பர் யாருக்கும் சொந்தமில்ல, வாடகைதான். ரவுட்டர் நின்னு எழுந்தா, எட்டுல இருந்தவர் பன்னெண்டுக்குக் குடி மாறியிருக்கலாம். நம்பரை வெச்சு ஆளை முடிவு பண்ணாதீங்க."

மின்சாரம் போய்வந்தது மருமகளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் ரவுட்டரைத் திறந்தாள். மின்சாரம் வந்த நேரம் முதல் பன்னிரண்டில் இருந்தது அவள் கணவனின் போன்.

சாப்பிடும்போது சொன்னாள். "அத்தை, தப்பு என்னுது. அடுத்தவங்க போனை நான் பார்த்திருக்கவே கூடாது. பார்த்ததையும் தப்பா படிச்சிட்டேன். அது இவ இல்ல."

"பின்ன யாரு?"

கணவனின் கை தட்டில் நின்றது.

"அதைச் சொல்லமாட்டேன் அத்தை. ஒருதடவை காட்டிக்குடுத்ததே போதும்."

"இருக்கறதே நாலு போன். எனக்கு அதுல பேசத்தான் தெரியும்" என்ற மாமியார் மகனைப் பார்த்தார்.

"நான்தாம்மா" என்றான் அவன் தட்டைப் பார்த்தபடி.

"தங்கச்சி திட்டு வாங்கும்போது நீ இங்கதானே நின்னே?"

மாமியார் எழுந்துபோய் பீரோவைத் திறந்து, போனை மகளின் தட்டருகே வைத்தார். மறுபடி சாப்பிட உட்காரவில்லை.

பாத்திரம் கழுவி முடித்து, மருமகள் நாத்தனாரின் அறை வாசலில் போய் நின்றாள்.

"பதிவை அணைச்சிட்டேன்மா. வைஃபை பாஸ்வேர்டையும் மாத்திட்டேன். புதுசைச் சொல்லவா?"

"வேணாம் அண்ணி. என் டேட்டா போதும்."

"நான் இனிமே பார்க்கமாட்டேன்."

"சரி அண்ணி."

குரலில் கோபமே இல்லை. போன் மட்டும் மடியில் கவிழ்ந்திருந்தது. மருமகள் கூடத்தைத் தாண்டிய பிறகுதான் அதில் ஏதோ பாட்டு கேட்கத் தொடங்கியது, மிகவும் சின்னச் சத்தத்தில்.