கடைசி எட்டுப் பக்கம்

1

இந்தக் கதை ஒரு மட்டமான நாவலால் வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பஃபலோ ரோட்டில் வாடகைப் புத்தகக் கடை வைத்திருந்தேன். எவனையும் நம்ப மாட்டேன். மர்ம நாவல் வந்தால் கடைசி எட்டுப் பக்கத்தைக் கிழித்து பிஸ்கட் டின்னில் போட்டுவிடுவேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் கடையிலேயே நின்று முடிவைப் படித்துவிட்டுப் போகலாம்.

2

1959ஆம் ஆண்டு, தென்றல் தவழும் ஒரு மாலை வேளையில்...

(வேண்டாம். தென்றலும் இல்லை, ஒன்றும் இல்லை. சாக்கடை நாறியது.)

வேலாயுதம் ஊரிலிருந்து கப்பலேறி வந்து, இங்கே துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். தையல்காரி பூவம்மாவுக்கு என் கடையிலிருந்து 'செண்பகத்தின் கண்ணீர்' எடுத்துக் கொடுத்தான். அந்தக் காதல் நாவலுக்கு அழாதவர்கள் எங்கள் தேக்கா வட்டாரத்திலேயே கிடையாது. அவளும் அழுதாள், கல்யாணத்துக்குச் சம்மதித்தாள். அதோடு விட்டானா? அதன் தொடர்ச்சி வந்ததும் அதையும் கொண்டுபோய்க் கொடுத்தான். 'செண்பகத்தின் கணவனைக் கொன்றது யார்?'

இரண்டாம் பக்கத்திலேயே கதாநாயகன் பிணம். துப்பறிகிறவன் நூறு பக்கம் டீ குடிக்கிறான். பிறகு பிணத்தின் டிரங்குப் பெட்டியில் ஒரு கடிதம் கிடைக்கிறது: 'இப்படிக்கு, ஊரில் இருக்கும் உங்கள் மனைவி.'

3

(நான் அங்கே இல்லை. வேலாயுதம் சொன்னது. பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.)

"உங்க பெட்டிக்கும் பூட்டு இருக்குல்ல?" என்றாள் பூவம்மா, மிஷினை நிறுத்தாமல்.

"அது வேட்டி சட்டை லா."

"வேட்டிக்கு எதுக்குங்க பூட்டு?"

"எனக்கு ஊர்ல யாரும் இல்ல பூவம்மா."

"செண்பகத்துக்கிட்ட அவனும் இதையேதான் சொன்னான். முடிவைப் படிச்சுட்டுத்தான் தாலி."

4

மறுநாள் வேலாயுதம் ஓடிவந்தான். "அண்ணே, அந்த எட்டுப் பக்கத்தை எரிச்சுடுங்க."

எனக்கு முடிவு தெரியும். ஊர் மனைவி இருப்பது நிஜம். கொன்றது அவள் தம்பி. முன்னூறு பக்கத்தில் ஒரு தரம்கூட வராத மச்சான்! காறித் துப்பலாம் போல இருந்தது.

"ஊர்ல யாரும் இல்லாதவன் எதுக்குடா பயப்படுறே?"

"நான் சொல்றதை அவ நம்ப மாட்டாண்ணே. அச்சடிச்சதைத்தான் நம்புவா."

(இங்கே நான் மனமிரங்கிப் பக்கங்களை எரிப்பதாக ஒரு தடவை எழுதினேன். நான் அப்படிப்பட்டவன் இல்லை. அந்த வரிகளை அடித்துவிட்டேன்.)

அப்போது வாசலில் பூவம்மாவின் குரல். வேலாயுதம் புத்தக அலமாரிக்குப் பின்னால் பாய்ந்தான். செருப்பு வெளியிலேயே கிடந்தது.

5

புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். நான் டின்னைத் திறந்தேன்.

"வேணாம்ணே," என்றாள், செருப்பைப் பார்த்துக்கொண்டே. "செருப்புக்காரரு வெளியே வந்து, என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னாப் போதும்."

அலமாரி தும்மியது. வேலாயுதம் ஒட்டடைத் தலையோடு வந்து நின்றான்.

"பூவம்மா, எனக்கு ஊர்ல

6

மீதியைக் கிழித்து டின்னில் போட்டுவிட்டேன். உங்களை மட்டும் எனக்குத் தெரியுமா என்ன? முதலில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள். அவசரமென்றால் நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து எந்த மச்சானையும் இழுத்துக்கொண்டு வராதீர்கள், அவ்வளவுதான்.